வேலை போனதை ஆங்கிலத்தில் சரியாகச் சொல்ல: புதிதாகக் கற்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு நிறுவனம் ப்ராஜெக்ட் முடிந்துவிட்டதென்று ஆட்களைக் குறைக்கிறது. அதில் வேலை இழந்த ஒருவர் அடுத்த வேலைக்கான விண்ணப்பத்தில் இப்படி எழுதுகிறார்: "ஐ வாஸ் ஃபயர்ட் ட்யூ டு ப்ராஜெக்ட் க்ளோஷர்." விண்ணப்பங்களைத் திருத்திக் கொடுக்கும்போது இந்த வரியை நான் அடிக்கடி பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது. எந்தத் தவறும் செய்யாத ஒருவர், தவறு செய்து வெளியேற்றப்பட்டவன் என்று தன் கைப்பட எழுதிக் கொடுத்துவிடுகிறார். படிக்கும் அதிகாரி அந்த ஒரு சொல்லோடு விண்ணப்பத்தை ஒதுக்கி வைத்துவிடலாம்.

தமிழில் "வேலை போய்விட்டது" என்று சொன்னால் போதும். கேட்பவர் விவரத்தைப் பிறகு விசாரித்துக்கொள்வார். ஆங்கிலத்தில் எந்தச் சொல்லை எடுக்கிறோமோ அதிலேயே பாதி விவரம் அடங்கிவிடுகிறது. யார் பக்கம் குறை, இழப்பீடு உண்டா, திரும்ப அழைப்பார்களா என்பதையெல்லாம் அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது. ஆகவே இந்தச் சொற்களை மனப்பாடம் செய்வதைவிட, எது எந்த நிலைமைக்கு உரியது என்று பிரித்தறிவதுதான் முக்கியம். ஆங்கிலச் சொற்களை இங்கே ஒலிக்கிறபடி தமிழ் எழுத்திலேயே தருகிறேன். எழுத்துக்கூட்டலை அகராதியில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: சொல்லைத் தேடும் முன் மூன்று கேள்விகள்

போனது பதவியா, ஆளா? அந்த வேலையே நிறுவனத்துக்கு இனி வேண்டாம் என்று முடிவானதா, இல்லை வேலை அப்படியே இருக்க, அதைச் செய்தவரை மட்டும் அனுப்பினார்களா? இதுதான் முதல் கேள்வி. மற்ற இரண்டையும்விட இதுவே பெரியது.

முடித்து வைத்தது யார்? நிறுவனமா, நீங்களா, அல்லது ஒப்பந்தக் காலம் தானாக முடிந்ததா?

நிரந்தரமா, தற்காலிகமா? உங்கள் பெயர் இன்னும் பணியாளர் பட்டியலில் இருக்கிறதா?

இந்த மூன்றுக்கும் விடையைத் தமிழிலேயே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகுதான் ஆங்கிலச் சொல்லைத் தேட வேண்டும்.

இரண்டாம் படி: "தேவையில்லை" என்னும் சொற்கள்

வேலை இழப்புச் சொற்கள் பல "மிகை", "உபரி" என்ற கருத்திலிருந்து கிளைத்தவை. அதனால் அந்த வேர்களைப் பார்த்துவிட்டுப் போவோம்.

"அன்னெசஸரி" என்பது பொதுச்சொல். செலவு, பயணம், கூட்டம், பதற்றம் என எதற்கும் பொருந்தும். ஆளைக் குறிக்க இதைப் பயன்படுத்துவதில்லை. "ஹீ இஸ் அன்னெசஸரி" என்பது இலக்கணப்படி சரி, ஆனால் யாரும் அப்படிப் பேசுவதில்லை. "வீ டோன்ட் நீட் ஹிம் ஃபார் திஸ்" என்றுதான் சொல்வார்கள்.

"சூபர்ஃப்ளுவஸ்" என்பது தேவைக்கு மேல் வழிவது. லத்தீனில் "மேலே" என்பதற்கும் "ஓடுதல்" என்பதற்கும் உள்ள சொற்கள் சேர்ந்து பிறந்தது. உச்சரிக்கும்போது இரண்டாம் அசையான "பர்" என்பதை அழுத்த வேண்டும். "சூப்பர்" என்று முதல் அசையை அழுத்தினால் கேட்பவருக்குப் புரியாமல் போகலாம். பேச்சை விட எழுத்தில் அதிகம் வரும் சொல் இது.

"ரிடண்டன்ட்" என்பதும் லத்தீன் வெள்ளத்திலிருந்து வந்ததுதான். அலையைக் குறிக்கும் சொல் அதன் அடியில் இருக்கிறது. கரை புரண்டு வழிவது என்பது மூலப்பொருள். இன்றைய ஆங்கிலத்தில் இச்சொல் மூன்று இடங்களில் மூன்று விதமாக நிற்கிறது.

எழுத்தைப் பற்றிப் பேசும்போது அது குறை. சொன்னதையே திரும்பச் சொல்வது. "ரிட்டர்ன் பேக்", "ஃப்ரீ கிஃப்ட்" போன்ற தொடர்களை ரிடண்டன்ட் என்பார்கள். நன்னூல் பத்துக் குற்றங்களில் "மிகைபடக் கூறல்", "கூறியது கூறல்" என்று இரண்டாகப் பிரித்துச் சொல்வதை ஆங்கிலம் இந்த ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறது.

பொறியியலில் அதுவே பாராட்டு. விமானத்தில் ஹைட்ராலிக் அமைப்பு ஒன்றுக்கு மேல் இருப்பதும், ஒரே தரவைப் பல வட்டுகளில் சேமித்து வைப்பதும் ரிடண்டன்சி. ஒன்று பழுதானால் இன்னொன்று கைகொடுக்கும். ஒரு பொறியாளர் தன் குறிப்பில் "ரிடண்டன்ட் சர்வர்களை அமைத்தேன்" என்று எழுதினால் அது வீண்செலவு செய்ததற்கான ஒப்புதல் இல்லை. நன்றாக வேலை செய்ததற்கான சான்று.

மூன்றாவது, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் அது ஆட்குறைப்பைக் குறிக்கும் சட்டச்சொல். அதற்கு அடுத்த படியில் வருகிறேன். அமெரிக்கர்கள் வேலை விஷயத்தில் இந்தச் சொல்லைப் பெரும்பாலும் பயன்படுத்துவதில்லை. அமெரிக்க நிறுவனம் ஒன்றுக்கு விண்ணப்பிக்கும்போது "ரிடண்டன்ட்" என்று எழுதினால் பொருள் புரியும், ஆனால் காதுக்கு அந்நியமாக இருக்கும்.

"சர்ப்ளஸ்" என்றால் உபரி. பணம், சரக்கு, ஆட்கள் எல்லாவற்றுக்கும் வரும். செய்தித்தாள்களில் நாம் படிக்கும் "உபரி ஆசிரியர்கள்" என்பது "சர்ப்ளஸ் டீச்சர்ஸ்"தான். அவர்களை வேறு பள்ளிக்கு அனுப்பும் பணிநிரவலுக்கு ஆங்கிலத்தில் "ரீடிப்ளாய்மென்ட்" என்று பெயர். இந்தச் சொல் உங்கள் கடிதத்தில் இருந்தால் வேலை போகவில்லை, இடம் மாறுகிறது என்று பொருள். பிரிட்டனில் "சர்ப்ளஸ் டு ரிக்வயர்மென்ட்ஸ்" என்ற தொடரையும் கேட்பீர்கள். அதைப் பிறர் மீது நீங்கள் பயன்படுத்தாதீர்கள். புண்படுத்தும்.

"டிஸ்பென்சபிள்" என்றால் இல்லாமலும் சமாளிக்கலாம் என்பது. அதன் எதிர்ச்சொல்லான "இன்டிஸ்பென்சபிள்" தான் நல்ல பாராட்டு. "எக்ஸ்பெண்டபிள்" இன்னும் கடுமையானது. செலவழித்துத் தீர்க்கத் தக்கது, பலி கொடுத்தாலும் பரவாயில்லை என்ற தொனி அதில் உண்டு. "ஆப்சலீட்" என்பது வழக்கொழிந்த இயந்திரத்துக்கும் தொழில்நுட்பத்துக்கும் உரியது. மனிதருக்கு வேண்டாம்.

செவிலியர்களுக்காக ஒரு சொல்லைத் தனியாகச் சொல்ல வேண்டும்: "சூப்பர்நியூமரரி". "எண்ணிக்கைக்கு மேற்பட்டவர்" என்பது நேர்ப்பொருள். பிரிட்டன் மருத்துவமனைகளில் பயிற்சிச் செவிலியரையும் புதிதாகச் சேர்ந்தவரையும் சில காலம் இந்த நிலையில் வைப்பார்கள். அகராதியில் தேவைக்கு மேற்பட்டவர் என்று பார்த்துவிட்டுக் கலங்க வேண்டாம். வார்டுக்கு வேண்டிய ஆட்களின் கணக்கில் உங்களைச் சேர்க்காமல், கற்றுக்கொள்ள அவகாசம் கொடுக்கிறார்கள் என்றே பொருள். அது உங்களுக்கான பாதுகாப்பு.

இந்தப் படியில் தமிழர் பலர் தடுமாறும் இடம் இன்னொன்று. "நீங்கள் நாளை வர வேண்டாம்" என்ற ஒரே வரியைத் தமிழில் இரண்டு பொருளில் சொல்லலாம்: வரவேண்டிய அவசியமில்லை, அல்லது வரக்கூடாது. ஆங்கிலத்தில் இவை இரண்டும் தனித்தனி. "யூ டோன்ட் ஹாவ் டு கம் டுமாரோ", "யூ நீட் நாட் கம்" என்றால் அவசியமில்லை, விருப்பப்பட்டால் வரலாம். "யூ மஸ்ட் நாட் கம்" என்றால் தடை. மேலாளர் இரண்டில் எதைச் சொன்னார் என்பதைக் காது கொடுத்துக் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் அப்போதே கேட்டுவிடுவது நல்லது.

மூன்றாம் படி: உங்கள் மீது குறையில்லாதபோது

முதல் கேள்விக்கு "போனது பதவிதான்" என்று விடை வந்தால் உங்களுக்குரிய சொற்கள் இங்கே இருக்கின்றன. இந்த வழிகாட்டியில் அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுதான். ஏனென்றால் நாடு மாறினால் சொல்லும் மாறுகிறது, சொல் மாறினால் கைக்கு வரும் பணமும் மாறுகிறது.

பிரிட்டனில் "ரிடண்டன்சி". அங்கே 1965இலேயே இதற்கென்று இழப்பீட்டுச் சட்டம் வந்துவிட்டது. இன்று 1996ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பு உரிமைச் சட்டம் அதை வரையறுக்கிறது. நிறுவனமோ கிளையோ மூடப்படுவது, அல்லது ஒரு குறிப்பிட்ட வகை வேலைக்கு ஆட்களின் தேவை குறைவது என்பதே வரையறையின் சாரம். அதில் தனிமனிதரின் திறமையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மிகையானது வேலை. இதை நீங்கள் முதலில் மனத்தில் பதித்துக்கொண்டால் அந்தச் சொல்லைக் கூச்சமில்லாமல் எழுத முடியும். இரண்டு ஆண்டு தொடர்ந்து பணியாற்றியவருக்குச் சட்டப்படியான இழப்பீடு உண்டு. 22 வயதுக்குக் குறைவாக இருந்த ஒவ்வொரு பணியாண்டுக்கும் அரை வாரச் சம்பளம், 22 முதல் 40 வயது வரையிலான ஆண்டுகளுக்கு ஒரு வாரம், 41 வயதிலிருந்து ஒன்றரை வாரம். அதிகபட்சம் 20 ஆண்டுகளைக் கணக்கிடுவார்கள். வாரச் சம்பளத்துக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு.

இலக்கணத்தைக் கவனியுங்கள். ரிடண்டன்ட் என்பது பெயரடை, வினைச்சொல் இல்லை. "ஐ வாஸ் மேட் ரிடண்டன்ட்" என்றோ "மை பொசிஷன் வாஸ் மேட் ரிடண்டன்ட்" என்றோ சொல்ல வேண்டும். "தே ரிடண்டன்டட் மீ" என்று ஒரு வடிவம் கிடையாது. "ஐ ஆம் ரிடண்டன்ட்" என்றும் எழுதாதீர்கள். நான் தேவையற்றவன் என்று உங்களைப் பற்றி நீங்களே சொல்வதுபோல் ஆகிவிடும்.

அமெரிக்காவில் "லே ஆஃப்". முன்பு அது வேலை குறைந்த காலத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வேலை வந்ததும் திரும்பக் கூப்பிடுவதைக் குறித்தது. இப்போது பெரும்பாலும் நிரந்தர இழப்பையே குறிக்கிறது. 1988இல் இயற்றப்பட்ட "வார்ன்" சட்டப்படி, 100 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனம் பெரிய அளவில் ஆட்குறைப்புச் செய்தால் பொதுவாக 60 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். "வார்ன் நோட்டீஸ்" என்று பணியாளர்கள் பேசிக்கொள்வது இதைத்தான்.

இந்தச் சொல்லின் வினை வடிவம் பலருக்குச் சிக்கல் தருகிறது. "ஐ லெய்ட் ஆஃப்" என்றால் நான் யாரையோ ஆட்குறைப்புச் செய்தேன் என்று ஆகிவிடும். வேலை இழந்தவர் சொல்ல வேண்டியது "ஐ வாஸ் லெய்ட் ஆஃப்". அந்த "வாஸ்" விடுபட்டால் நீங்கள் முதலாளியாகிவிடுவீர்கள். பெயர்ச்சொல்லாக எழுதும்போது இரண்டையும் சேர்த்து ஒரே சொல்லாகவும், வினையாக எழுதும்போது பிரித்து இரண்டு சொல்லாகவும் எழுதுவது வழக்கம்.

இந்தியாவில் கதை வேறு. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம் "லே ஆஃப்" என்பதற்குத் தற்காலிகப் பொருளையே கொடுத்தது. நிலக்கரி, மின்சாரம், மூலப்பொருள் ஆகியவற்றின் தட்டுப்பாடு, இயந்திரப் பழுது, சரக்குத் தேக்கம், இயற்கைப் பேரிடர் போன்ற காரணங்களால் வேலை கொடுக்க முடியாத நிலை அது. தொழிலாளியின் பெயர் பதிவேட்டில் இருந்துகொண்டே இருக்கும். தகுதியுள்ளவருக்கு அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் பாதி கிடைக்க வேண்டும். நிரந்தரமாக ஆட்களைக் குறைப்பதற்கு அந்தச் சட்டத்தில் இருந்த சொல் "ரிட்ரென்ச்மென்ட்". ஒழுங்கு நடவடிக்கையாக, தண்டனையாக நீக்குவது ரிட்ரென்ச்மென்ட் ஆகாது என்று வரையறையே தெளிவாகச் சொன்னது. ஓராண்டு தொடர்ந்து பணியாற்றிய தொழிலாளிக்கு ஒரு மாத முன்னறிவிப்பு, நிறைவு செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் என்று அந்தச் சட்டம் வகுத்தது. 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுத் தொகுப்பிலும் இந்த இரண்டு சொற்களும் தனித்தனியாகவே வரையறுக்கப்பட்டுள்ளன.

ஆகவே இந்தியத் தொழிற்சாலை ஒன்று "லே ஆஃப்" என்று அறிவித்தால், உங்கள் வேலை சட்டப்படி இன்னும் போகவில்லை. அமெரிக்கத் தலைமையகம் உள்ள மென்பொருள் நிறுவனம் அதே சொல்லை மின்னஞ்சலில் எழுதினால் பெரும்பாலும் வேலை போய்விட்டது. எழுதியவர் எந்தப் பொருளில் எழுதினார் என்று கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளாமல் எதிலும் கையெழுத்திடாதீர்கள். "இஸ் திஸ் டெம்பரரி ஆர் பெர்மனன்ட்?" என்று நேராகக் கேட்கலாம். அதில் மரியாதைக் குறைவு ஏதும் இல்லை. "ரிட்ரென்ச்மென்ட்" என்ற சொல் சிங்கப்பூர், மலேசியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளிலும் புழக்கத்தில் இருக்கிறது. அங்கே விண்ணப்பிப்பவர்கள் தயங்காமல் பயன்படுத்தலாம்.

"ஃபர்லோ" என்பது கட்டாய விடுப்பு. டச்சு மொழியில் படைவீரருக்குத் தரும் விடுமுறையைக் குறித்த சொல். எழுத்துக்கூட்டலின் கடைசியில் நிற்கும் எழுத்துகள் ஒலிக்காது. 2020இல் பெருந்தொற்றின்போது பிரிட்டன் அரசு கொண்டுவந்த வேலை தக்கவைப்புத் திட்டம் இந்தச் சொல்லை எல்லோர் வாயிலும் கொண்டுவந்து சேர்த்தது. தொடக்கத்தில் சம்பளத்தில் 80 சதவீதம், மாதம் 2,500 பவுண்டு வரை, அரசே கொடுத்தது. 2021 செப்டம்பர் இறுதியில் அது முடிந்தது. அமெரிக்காவில் ஃபர்லோ என்றால் பொதுவாகச் சம்பளமில்லா விடுப்பு. இரண்டிலும் வேலை உங்களுடையதாகவே இருக்கிறது.

நான்காம் படி: குறை சுமத்தும் சொற்கள்

"ஃபயர்" அமெரிக்கச் சொல், "சாக்" பிரிட்டிஷ் சொல். இரண்டும் பேச்சுவழக்கு. இரண்டிலும் ஆளின் மீது குறை சொல்லும் தொனி உண்டு. "டிஸ்சார்ஜ்" என்றால் துப்பாக்கியை வெடிப்பது, பணியிலிருந்து விடுவிப்பது என இரண்டு பொருள். அந்த இரட்டைப் பொருளை ஒட்டி ஃபயர் பிறந்திருக்கலாம் என்பார்கள். சாக் என்பதற்கு, தொழிலாளியின் கருவிகள் அடங்கிய கோணிப்பையை அவர் கையில் கொடுத்து அனுப்பியதிலிருந்து வந்தது என்ற விளக்கம் பரவலாகச் சொல்லப்படுகிறது. செய்தித்தாள் தலைப்பில் "ஆக்ஸ்" என்ற சொல்லையும் பார்ப்பீர்கள். கோடரிதான். ஆனால் அது ஆட்குறைப்பு, திட்டம் கைவிடுதல் இரண்டுக்கும் வரும்.

இந்தியாவில் வளர்ந்தவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. நம்மிடையே "மேலாளர் என்னை ஃபயர் செய்துவிட்டார்" என்றால் காரசாரமாகத் திட்டிவிட்டார் என்று பொருள் கொள்வோரும் உண்டு. வெளிநாட்டுச் சக ஊழியரிடம் இதைச் சொன்னால், உங்களுக்கு வேலையே போய்விட்டது என்று நினைத்து அவர் ஆறுதல் சொல்லத் தொடங்கிவிடுவார். திட்டியதற்கு "ஹீ ஷௌட்டட் அட் மீ", "ஹீ டோல்ட் மீ ஆஃப்" போதும்.

"டிஸ்மிஸ்" முறையான சொல். பிரிட்டிஷ் சட்டத்தில் அது விரிந்தது. ஆட்குறைப்பும் அதற்குள் ஒரு வகையாக அடங்கும். பொதுப்பேச்சில் குறையோடு நீக்கப்பட்டதையே குறிக்கும். "டெர்மினேட்" அதைவிட வறண்ட சொல். எந்த வகையான முடிவுக்கும் பொருந்தும். இந்தியாவில் அதற்குக் களங்கத் தொனி அதிகம், அமெரிக்கப் படிவங்களில் குறைவு.

இனி, பழகிய சொல் போலத் தோன்றிப் படிப்பவரை வேறெங்கோ கொண்டுபோய் விடும் தொடர்கள். "சம்மரி டிஸ்மிசல்" என்பதில் சுருக்கம் எதுவும் இல்லை. முன்னறிவிப்பு இல்லாமல், அதற்கான பணமும் இல்லாமல் உடனடியாக நீக்குவது. "க்ராஸ் மிஸ்கான்டக்ட்" என்பதில் வரும் க்ராஸ், மொத்தச் சம்பளத்தில் வரும் க்ராஸ் இல்லை. மிகக் கடுமையான ஒழுங்கீனம். திருட்டு, வன்முறை போன்றவை. "டொமஸ்டிக் என்கொயரி" வீட்டு விசாரணை இல்லை. நிறுவனத்துக்குள் நடக்கும் ஒழுங்கு விசாரணை. இந்தியத் தொழிலாளர் வழக்குகளில் அடிக்கடி வரும். "ஷோ காஸ் நோட்டீஸ்" என்றால் உங்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று விளக்கம் கேட்கும் கடிதம். வேலை இன்னும் போகவில்லை, ஆனால் கெடுவுக்குள் எழுத்தில் பதில் தந்தாக வேண்டும். "சஸ்பெண்ட்" ஆனாலும் அப்படித்தான். தற்காலிகப் பணியிடை நீக்கம், முடிவு இனிமேல்தான்.

ஐந்தாம் படி: நீங்களே விலகும்போது

"ரிசைன்" முறையானது, "குவிட்" பேச்சுவழக்கு. குவிட் என்பதன் இறந்த கால வடிவமும் குவிட்தான். ராஜினாமாக் கடிதத்தில் ரிசைன் என்றே எழுதுங்கள். நடுவில் ஒரு சிறுகோடு விழுந்தால் "ரீ-சைன்", அதாவது மீண்டும் ஒப்பந்தம் செய்துகொண்டார் என்று எதிர்ப்பொருள் வந்துவிடும். விளையாட்டுச் செய்திகளில் இதைக் காணலாம். உயர்பதவியில் இருப்பவர் விலகினால் "ஸ்டெப் டௌன்".

"கன்ஸ்ட்ரக்டிவ் டிஸ்மிசல்" என்பதைப் பார்த்ததும் ஆக்கபூர்வமான ஏதோ ஒன்று என்று எண்ணிவிடாதீர்கள். சம்பளத்தை நிறுத்திவைப்பது, ஒப்பந்தத்தை மீறிப் பதவியைக் குறைப்பது போன்ற கடுமையான மீறலால் பணியாளர் விலக நேர்ந்தால், காகிதத்தில் அது ராஜினாமாவாக இருந்தாலும் சட்டம் அதை நீக்கமாகவே கருத இடமிருக்கிறது. அந்தக் கருத்தின் பெயர்தான் இது. "நீங்களே ராஜினாமாக் கொடுத்துவிடுங்கள், உங்களுக்கு நல்லது" என்று வற்புறுத்தப்படும் எவரும் இந்தத் தொடரைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். கையெழுத்திடும் முன் ஒரு வழக்கறிஞரிடமோ தொழிற்சங்கத்திடமோ பேசுங்கள். விலகியவர், நீக்கப்பட்டவர் என்ற வேறுபாட்டில் இழப்பீடும் வேலையின்மை உதவித்தொகையும் அடங்கியிருக்கின்றன.

"வாலண்டரி ரிடண்டன்சி", இந்தியாவில் "வி.ஆர்.எஸ்.", இரண்டும் நிறுவனம் தொகை கொடுத்து விருப்பமுள்ளவர்களை விலகச் சொல்வது. உயரதிகாரிக்குப் பெருந்தொகை கொடுத்து வழியனுப்பினால் "கோல்டன் ஹேண்ட்ஷேக்".

ஆறாம் படி: கைக்கு வந்த கடிதத்தைப் படிப்பது

இந்தக் கடிதங்களில் கசப்பான சொல் இருக்காது. "ரீஸ்ட்ரக்சரிங்", "ரைட்சைசிங்", "ஹெட்கவுன்ட் ரிடக்ஷன்", "வீ ஆர் பார்ட்டிங் வேஸ்" என்று மிருதுவாக எழுதுவார்கள். மென்மையில் மயங்காமல் வரி வரியாகப் படியுங்கள். எழுவாய் எது என்று பார்ப்பதே சிறந்த வழி.

"யுவர் ரோல் ஹாஸ் பீன் எலிமினேட்டட்." எழுவாய் உங்கள் பதவி. குறை உங்கள் மீது இல்லை என்பதற்கு எழுத்துபூர்வமான ஆதாரம் இது. அலுவலக மின்னஞ்சல் முடங்குவதற்குள் கடிதத்தைச் சொந்தக் கணக்குக்குக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

"யுவர் ரோல் இஸ் அட் ரிஸ்க்." பிரிட்டனில் இது முடிவு இல்லை, கலந்தாலோசனையின் தொடக்கம். ஒரே இடத்தில் 90 நாளுக்குள் 20 பேர் அல்லது அதற்கு மேல் குறைக்க நினைக்கும் நிறுவனம், முதல் நீக்கத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பே ஆலோசனையைத் தொடங்க வேண்டும். 100 பேர் அல்லது அதற்கு மேல் என்றால் 45 நாள். உங்கள் பக்கத்தைச் சொல்ல இன்னும் இடமிருக்கிறது.

"பேமென்ட் இன் லியூ ஆஃப் நோட்டீஸ்." முன்னறிவிப்புக் காலத்தில் வேலை செய்வதற்குப் பதிலாக அந்தக் காலத்துச் சம்பளத்தைக் கையில் தருகிறார்கள். "இன் லியூ ஆஃப்" என்றால் "அதற்குப் பதிலாக". "கார்டன் லீவ்" என்றால் முன்னறிவிப்புக் காலம் முழுவதும் சம்பளம் உண்டு, வேலைக்கு வர வேண்டாம், அதுவரை போட்டி நிறுவனத்திலும் சேரக்கூடாது. தோட்டத்துக்கும் அதற்கும் நடைமுறையில் தொடர்பில்லை.

"செவரன்ஸ்." விலகும்போது கிடைக்கும் தொகை. துண்டித்தல் என்று பொருள்படும் "செவர்" என்ற வினையிலிருந்து வந்தது. கடுமை என்று பொருள்படும் "சிவியர்" வேறு. அமெரிக்காவில் தனியார் நிறுவனம் இதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று பொதுவான மத்தியச் சட்டம் இல்லை. கொடுப்பவர்கள் பெரும்பாலும் "வழக்குத் தொடுக்கமாட்டேன்" என்ற உறுதிமொழியைப் பதிலுக்குக் கேட்பார்கள். அதன் பெயர் "ரிலீஸ் ஆஃப் க்ளெய்ம்ஸ்". 40 வயது நிறைந்தவரிடம் வயதுப் பாகுபாட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும்படி கேட்டால், யோசிக்க 21 நாளும், கையெழுத்திட்ட பின் மனம் மாறினால் திரும்பப் பெற 7 நாளும் தர வேண்டும் என்கிறது அங்குள்ள 1990ஆம் ஆண்டுச் சட்டம். குழுவாக ஆட்குறைப்புச் செய்தால் யோசிக்க 45 நாள்.

"எக்ஸ் கிரேஷியா." சட்டக் கடமை இல்லாமல் கூடுதலாகத் தரும் தொகை. "வித்தவுட் ப்ரெஜுடிஸ்." பாரபட்சம் இல்லாமல் என்று பொருள் கொண்டுவிடாதீர்கள். சமரசப் பேச்சில் சொன்னவற்றைப் பிறகு நீதிமன்றத்தில் ஆதாரமாகக் காட்ட முடியாது என்பதற்கான தலைப்பு அது. "ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட்." இனி எந்தப் பாக்கியும் இல்லை என்று ஒப்புக்கொள்வது. விடுப்புச் சம்பளம், போனஸ், செலவுத் தொகை எல்லாம் கணக்கில் ஏறியிருக்கின்றனவா என்று பார்த்த பிறகே கையெழுத்து.

ஏழாம் படி: நீங்கள் எழுதும்போதும் பேசும்போதும்

விண்ணப்பத்தில் ஒரு வரி போதும். பிரிட்டிஷ் வழக்கில் "மை பொசிஷன் வாஸ் மேட் ரிடண்டன்ட் இன் மார்ச்". அமெரிக்க வழக்கில் "ஐ வாஸ் லெய்ட் ஆஃப் இன் மார்ச் வென் தி கம்பெனி க்ளோஸ்ட் அவர் யூனிட்". காரணம், மாதம், அவ்வளவுதான். மன்னிப்பு தொனிக்கும் அடைமொழிகள் வேண்டாம்.

உருபுச் சொற்கள் பிசகினால் பொருளும் பிசகும். வேலையிலிருந்து என்பதற்கு "ஃப்ரம்", நிறுவனத்தால் என்பதற்கு "பை", சுமத்தப்பட்ட குறைக்கு "ஃபார்". "டிஸ்மிஸ்ட் ஃபார்" என்று தொடங்கினால் அடுத்து ஒரு குற்றம் வரும் என்று படிப்பவர் எதிர்பார்ப்பார். வியாபாரக் காரணத்தைச் சொல்ல "பிகாஸ் ஆஃப்", "ட்யூ டு" பயன்படுத்துங்கள்.

"ரிலீவ்ட்" என்ற சொல்லை இந்திய நிறுவனங்களுக்கு வெளியே தவிர்த்துவிடுங்கள். நம் நாட்டில் "ரிலீவிங் லெட்டர்" சாதாரணம். "ஐ வாஸ் ரிலீவ்ட் ஃப்ரம் மை கம்பெனி" என்று வெளிநாட்டவரிடம் சொன்னால் அவருக்கு முதலில் நிம்மதி என்ற பொருள்தான் தோன்றும். "ரிலீவ்ட் ஆஃப் மை ட்யூட்டீஸ்" என்று எழுதினாலோ இன்னும் மோசம். அங்கே அது பொறுப்பிலிருந்து அகற்றப்பட்டதைக் குறிக்கும். "மை லாஸ்ட் வொர்க்கிங் டே வாஸ்" என்று நாளைச் சொல்லிவிட்டால் குழப்பமே இல்லை.

படிவத்தில் "ஹாவ் யூ எவர் பீன் டெர்மினேட்டட்?" என்று இருந்தால், ஆம் என்று குறித்துவிட்டு, பக்கத்தில் "பொசிஷன் எலிமினேட்டட்" என்று காரணத்தை எழுதுங்கள். உண்மையிலேயே குறை சொல்லி நீக்கப்பட்டவர் "லெய்ட் ஆஃப்" என்று எழுதக்கூடாது. பழைய நிறுவனத்திடம் சரிபார்ப்பார்கள், பொய் வெளிப்பட்டால் புதிய வேலையும் போகும். "மை எம்ப்ளாய்மென்ட் எண்டட் இன் ஜூன்" என்ற நடுநிலை வாக்கியம் உண்மையும்கூட. நேர்காணலில் கேட்டால் நடந்ததை இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டு, அதன் பிறகு என்ன கற்றீர்கள் என்பதற்குப் போய்விடுங்கள். பேச்சில் "ஐ ஆம் பிட்வீன் ஜாப்ஸ்" என்பது நாகரிகமான விடை. படிவத்தில் அதை எழுதுவதில்லை.

வேலை இழந்த நண்பரிடம் பேச நேர்ந்தால் அவர் பயன்படுத்திய சொல்லையே நீங்களும் பயன்படுத்துங்கள். அவர் "லெய்ட் ஆஃப்" என்றால் நீங்கள் "ஃபயர்ட்" என்று திருப்பிச் சொல்லாதீர்கள். "ஐ ஆம் சாரி டு ஹியர் தட்" என்று சொல்லிவிட்டு, உங்களால் முடியுமானால் "கேன் ஐ பாஸ் ஆன் யுவர் சி.வி. டு எனிஒன்?" என்று கேளுங்கள்.